குதிரை ஓடும் திசை

“தப்பிக்கிறதுன்னு தலைப்பு குடுத்தா நீ என்ன வரைவ அம்சா?”

“கோலத்தத் தாண்டி நான் என்னத்தங்க வரைஞ்சேன்? பொம்மைக்குக் கண்ணு எழுதுறவரு நீங்க. என்னயப் போயி கேக்குறீங்க.”

பழமலைநாதன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு செல்போனை மறுபடி எடுத்துப் பார்த்தார். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷமாகப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் வரையும் போட்டி, அதற்காக லீவு என்றால் சிரிப்பார்கள். அதனால் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்.

அவர் மகன் கார்முகில் வருஷா வருஷம் கலந்துகொண்ட போட்டி அது. அவன் வீட்டைவிட்டுப் போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. எங்கே இருக்கிறான், என்ன சாப்பிடுகிறான், ஒன்றும் தெரியாது. அவனுக்கு வருகிற மெயில் மட்டும் அவன் விட்டுப்போன இந்தப் பழைய செல்போனில் இன்னும் வந்துகொண்டிருந்தது. போன வாரம் போட்டி அறிவிப்பு வந்தது. பக்கத்து வீட்டு பாரதி டீச்சர் படித்துச் சொன்னாள். இன்று மாலை ஆறு மணிக்குள் வருகிற எல்லாப் படங்களையும் பேரோடும் ஊரோடும் இணையத்தில் போடுவார்களாம்.

“எங்க இருந்தாலும் அதத் தொறந்து பாப்பான். ஒரு படம் வுடமாட்டான்” என்றார். “நம்ம படத்தப் பாத்தா ஒரு போனு பண்ணமாட்டானா?”

அம்சவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“இது எப்பிடி? கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துல மண்ணு வெட்டுற ராட்சச மிஷினு இருக்குதுல்ல, அது தொரத்துது. ஒரு பையன் ஓடியாறான்.”

“அத நெசமாவே பாத்துக்கிட்டுதான இருக்காங்க அந்த சனங்க. வெளையாட்டுல வேற பாக்கணுமா?”

“செரி, நம்ம ஜங்ஷன். ரயிலு கெளம்புது. கடைசிப் பெட்டியில ஒருத்தன் தொத்திக்கிட்டுப் போறான். பிளாட்பாரத்துல அவங்கப்பன் நிக்கிறான்.”

“அப்பன் எதுக்கு அதுல? டிக்கெட்டு எடுத்துக் குடுக்கவா?”

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. வெள்ளைத் தாளைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“டிராலி நெறைய பொம்ம. சூளைக்குள்ள போவப் போவுது. அதுல ஒரு குதிரை மட்டும் குதிச்சு ஓடுது.”

கீரை உருவிய கை நின்றது. “வேவாத குதிரையா?”

“ஆமா. பச்ச மண்ணு.”

“கீழ வுழுந்தா ஒடஞ்சுடுமேங்க.”

“ஒடையாது. நான்ல வரையறேன்.”

ஒரு மணி நேரத்தில் பிடரி பறக்க, மூக்கு விடைக்க, குதிரை தாளில் ஓடத் தொடங்கியிருந்தது. அது ஓடுகிற பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டைப் போட்டு, வாசலில் விளக்கும் வைத்தார்.

அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். “அந்த வூட்ட அழிங்க.”

“ஏன்? அது வூட்டுக்குத்தான ஓடியாருது?”

“தப்பிச்சுப் போறது, பொறப்பட்ட எடத்துக்கே ஓடியாருமா?”

அவருக்குச் சுருக்கென்றது. “நான் இப்ப அப்பிடியில்ல அம்சா. ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அன்னிக்கு அவன் வரையற கைமேலயே அடிச்சேன் பாரு, பொம்ம அடுக்குற பலகையால. படம் போட்டா சோறு வருமா, படம் போட்டா சோறு வருமான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். நான் மட்டும் என்ன செஞ்சு சோறு போட்டேன்? நானும் படந்தான போட்டுக்கிட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டு ரப்பரை எடுத்து வீட்டை அழித்தார், விளக்கையும் அழித்தார். சூளை வாசலில் ஓர் ஆளை வரைந்தார். வழுக்கைத் தலை, தொங்கிய மீசை. பலகை கீழே கிடக்க, அந்த ஆள் தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தொரத்துனவன் இவந்தான். இப்ப தொரத்தல. அது நம்ம பையனுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

அம்சவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “மீசை இன்னும் கொஞ்சம் பெருசுங்க” என்றாள்.

மீசையைப் பெரிதாக்கினார். போட்டோ எடுத்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி அனுப்பினார். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அதன்பிறகுதான் அவருக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றியது.

“நாளைக்கி இன்னொண்ணும் செஞ்சிடுவோம்” என்றார். “மணவாளநல்லூரு போயி கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டுவோம். எம் புள்ள திரும்பி வரணும்னு என் கையாலயே எழுதுறேன்.”

அந்தக் கோயிலில் மனக்குறையைத் தாளில் எழுதி வேலில் கட்டினால், தொண்ணூறு நாளில் சாமி தீர்த்துவைப்பார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தீர்ந்ததும் மறுபடி போய் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

“இத்தினி நாளா நமக்கு இது தோணவேயில்ல பாரு.”

“ஆமாங்க” என்றாள் அம்சவல்லி, கீரைக் காம்புகளை அள்ளியபடி.

கார்முகில் வீங்கிய கையோடு சுருண்டு படுத்திருந்த அன்றைக்கே அவள் தனியாகப் போய் ஒரு பிராது கட்டியிருந்தாள்: ‘என் மகன் அவன் அப்பா கையில் அகப்படாமல் இந்த வீட்டைவிட்டுத் தப்பித்துப் போய்விட வேண்டும் சாமி.’ பத்தாம் நாள் அவன் போனான். பதினோராம் நாளே, கேட்டது கிடைத்துவிட்டதென்று வாபஸும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.