சிவப்புக் கோடிட்ட தாள்கள்

மாசிலாமணி காலையில் எழுந்ததும் நாட்காட்டித் தாளைக் கிழிப்பார். அதிலுள்ள வேத வசனத்தின் கீழ்ச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடிடுவார். அதற்குப் பிறகுதான் காப்பி.

கிழித்த தாள்களை மனைவி செல்வபாய் சேர்த்து வைத்துக்கொள்வாள். எதற்கென்று அவர் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் சபை மண்டபத்தில் ஜெபக் கூட்டம். விண்ணப்பங்களைப் பெயர் குறிக்காமல் சீட்டில் எழுதித் துணிப்பையில் போடுவார்கள். பைக்குப் பொறுப்பான எமரால்டு ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பாள்; வாசித்தவற்றைப் பையின் உள்ளறையில் போட்டு வைப்பாள். மாசிலாமணி கண்களை மூடிக்கொண்டு ஜெபிப்பார்.

அவருடைய ஜெபத்தில் ஒரு சொல்லும் இடறியதில்லை.

எட்டு வாரமாக ஒரே விண்ணப்பம் வந்துகொண்டிருந்தது.

'ஒரு தகப்பன் தன் மகளோடு பேச வேண்டும்.'

இன்றும் வந்தது.

"ஆண்டவரே, அந்தத் தகப்பனுடைய கல்லான இருதயத்தை உடைத்தருளும். பெற்ற பிள்ளையைத் தள்ளிவிட்ட அவன் தூக்கத்தை எடுத்துப்போடும்."

சொல்லும்போதே அவர் கன்னம் நனைந்தது.

முதல் ஆமென் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்ததும் எமரால்டு பையை அவரிடம் நீட்டினாள்.

"மக பேறுகாலத்துக்கு மதுரைக்குப் போறேன், அண்ணாச்சி. நான் வார வரைக்கும் பைய நீங்க வச்சிக்கிடுங்க. இன்னைக்கு நீங்க ஜெபிச்ச ஜெபத்துக்கு, அந்த மனுசன் எங்க இருந்தாலும் ஒரு உலுக்கு உலுக்கியிருக்கும்."

அவர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

வீட்டிற்கு வந்து பையை மேசைமீது கவிழ்த்தார். பலவகைச் சீட்டுகள். தகப்பனைப் பற்றிய எட்டும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதப்பட்டிருந்தன.

ஒன்றைத் திருப்பினார்.

வசனத்தின் கீழ்ச் சிவப்புக் கோடு.

மற்றவற்றையும் திருப்பினார்.

எட்டிலும்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தம்மைக் கேளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்ற மகள் ஹெப்சியின் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தியவர் அவர். அன்று முதல் அவள் பெயரை எந்த ஜெபத்திலும் அவர் சொன்னதில்லை.

செல்வபாய் அடுக்களை வாசற்படியில் வந்து நின்றாள்.

"எட்டு வாரமும் நாந்தான் மொதல்ல ஆமென் சொன்னேன்," என்றாள். "உங்களுக்குச் சத்தம் கூடத் தெரியலையா?"

அவர் அங்கேயே முழந்தாளிட்டார்.

"ஆண்டவரே, அந்தத் தகப்பனுடைய…"

நிறுத்தினார்.

"என்னுடைய…"

பழகிய சொற்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எடுத்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து, "ஹெப்சி" என்றார்.

அவ்வளவுதான் வந்தது.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆமென் சொல்லவில்லை.

காலை முதல் பேருந்தில் தென்காசிக்குப் போய், மகள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அதன்பின் அதைச் சொல்வது என்று தீர்மானித்தார்.