முகிசா போன சுற்றுவழி

“நேர் ரோடு இருக்க, எதுக்கு முகிசா இந்த மலைச் சுத்து?” பின்சீட்டில் குலுங்கியபடி கேட்டாள், ஜெர்மனியிலிருந்து சேவை செய்ய வந்த எல்கே.

“அதுல என்ன மேடம் இருக்கு, வெறும் தாரு! இங்க தேயிலை, ஏரி, எல்லாம் இலவசம்!” டிரைவர் முகிசாவின் மனம் ஜீப்புக்கு முன்னால் ஓடியது.

வழியெல்லாம் உகாண்டாப் பிள்ளைகள் “வெள்ளைக்காரி!” என்று கத்தியபடி ஓடிவர, எல்கே மகாராணியாகக் கையசைத்தாள்.

வாழைத்தோப்பு வளைவில் முகிசா மூன்று முறை ஹாரன் அடித்து, வண்டியை ஊர்ந்து போக விட்டார். ஒரு சிறுமி மூச்சிரைக்க ஓடிவந்தாள். எல்கே கையசைத்தாள்.

“என்னைப் பார்க்கக்கூட மாட்டேங்குறாளே!”

“அவ அப்பாவைப் பார்க்க வந்திருக்கா மேடம். நாலு மாசமாச்சு.” முகிசாவின் கண் பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. “நீங்க சொல்லாம வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு ஆபீஸ் உத்தரவு.”

எல்கே கேமராவை எடுத்தாள்.

“நிறுத்துங்க. அந்த வாழை மரத்தைப் படம் எடுக்கணும். ஒரு மணி நேரமாவது ஆகும்.”