ஆள் நீளப் பெஞ்சு

மாமரப் பெஞ்சில் மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு மேல் ஒரு தறிமரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார் என் வீட்டுக்காரர்.

முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. மரத்தின் இரண்டு முனையிலும் எடைக்கற்கள் சாக்கில் தொங்கின. நூல்கடையில் இரவல் வாங்கியவை.

அது நெய்த துணியைச் சுருட்டுகிற படைமரம். தொடுவதற்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் தொட்டார். நெசவாளி அல்லவா.

பெஞ்சு கீச்சுக் கீச்சென்றது. தலைமாட்டில் நட்டிருந்த கவைக்கொம்புகளில் மரத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா புள்ளே, அஞ்சு மணங்கு! இந்த மாமரமே போதும்."

தங்கமுத்து ஆசாரி காலையில்தான் இரண்டு பெஞ்சுகளை இறக்கிவிட்டுப் போயிருந்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மாமரம் இலேசு. சுவரோரம் சாய்த்து, மேலே நாலு சிட்டம் நூலைப் போட்டால் யார் கண்ணிலும் படாது. இன்னொன்று வேம்பு. போட்டால் போட்ட இடம்தான். வருகிறவர்கள் அதில் இடித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

அவருக்கு மறைப்பதுதான் முக்கியம். மாப்பிள்ளை ராசிபுரத்தில் பளு தூக்கிப் பழகுகிறார் என்று குமாரபாளையத்தில் இருக்கிற என் அண்ணன்மாருக்குத் தெரிந்தால் போதும், மானம் போய்விடும்.

பழகாமலும் முடியாது. என் பிறந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம். கலியாணமான முதல் ஆடியில், பதினெட்டாம் பெருக்கன்று, காவிரிப் படித்துறையில் அடிப்படியிலிருந்து மேல்படி வரைக்கும் மாப்பிள்ளை பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் இறக்கக் கூடாது.

என் அக்கா புருஷன் மூச்சு வாங்கிப் பாதியில் இறக்கிவிட்டார். மூன்று பிள்ளை பிறந்த பிறகும் அவருக்குப் பாதிப்படி மாப்பிள்ளை என்றுதான் பேர். பந்தியில் என் அண்ணன்மார் இன்றைக்கும் அவருக்கு வாழையிலையைப் பாதியாகக் கிழித்துத்தான் போடுவார்கள்.

என் வீட்டுக்காரர் ஒல்லி. நான் அப்படி இல்லை, அதை மறைப்பானேன். கடை சாத்திய பிறகு நூல்கடைத் தராசில் என்னை உட்காரவைத்துப் பார்த்தார். ஐந்து மணங்கு, நாற்பது வீசை. பிறகு அவர் உட்கார்ந்தார். அது எவ்வளவு என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரமே சேலத்தில் ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தார். அதில் மீசை வைத்த பயில்வான் ஒருவன் பெஞ்சில் மல்லாந்து படுத்து இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தான். அந்தப் படத்தைக் காட்டித்தான் ஆசாரியிடம் பெஞ்சு கேட்டது.

ஆனால் எங்கள் தெருவில் ஆள் நீளத்துக்குப் பெஞ்சு வந்தால் ஒரே அர்த்தம்தான். செத்தவரைக் கிடத்திக் குளிப்பாட்ட. காலையில் பக்கத்து வீட்டுப் பாவாயக்கா வாசலில் நின்று பார்த்தாள். இரண்டு பெஞ்சு, வீட்டில் இரண்டே பேர். இரண்டு பேரும் நடமாடுவதைப் பார்த்த பிறகுதான் போனாள்.

காலையிலிருந்தே எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பெஞ்சைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நான் வேப்பம்பெஞ்சைக் காட்டினேன். அதுதான் வேண்டும் என்றேன்.

கனம் என்றார். மறைக்க முடியாது என்றார். நான் அதன்மேல் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு முனகல் இல்லை.

சரி, பெண்டாட்டி மனசு நோக வேண்டாம் என்று அதிலும் மல்லாந்து படுத்தார். படுத்துக்கொண்டே கேட்டார்.

"உன்னையத் தூக்க அஞ்சு மணங்கு போதாதா புள்ளே? இத்தனை பெரிய பெஞ்சு எதுக்கு?"

"போதாதுங்க. ஆடியில நீங்க தூக்கப்போறது என்னைய மட்டும் இல்லீங்க."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

மறுபடியும் மோட்டுவளையைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. இரண்டு கையும் பெஞ்சுக்கு வெளியே தொங்கின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துத்தான் உறைமோர் கேட்டு வந்தாள் பாவாயக்கா.

புதுப் பெஞ்சு. அதில் அசையாமல் ஆள். பக்கத்தில் கண்ணீரோடு நான். அவள் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது.

"எஞ்சாமீ! போயிட்டியா சாமீ!"

தெருவில் அத்தனை தறியும் நின்றன.

செத்தவர் துள்ளி எழுந்தார். பாவாயக்காவைப் பார்க்கவில்லை. வாசலில் கூடிவிட்ட கூட்டத்தையும் பார்க்கவில்லை. எல்லாரையும் விலக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி, நேரே நூல்கடையைப் பார்த்து ஓடினார்.

திரும்பி வரும்போது கையில் ஒரே ஒரு வீசைக்கல் இருந்தது. ஒரு கையால் தூக்குகிற கல்தான்.

மறைப்பதை எல்லாம் மறந்துவிட்டு, தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, கழுத்து ஆடிவிடாமல் தாங்கிக்கொண்டு வந்தார்.