புகாருக்கு ஒரு நம்பர்

"துறைமுகத்துக் கரித்தூள் பறந்து வந்து, கொடியில காயப்போட்ட துணியெல்லாம் பாழாப் போச்சு சார்!"

துறைமுகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பதிலை ஃபோனில் அப்படியே வாசித்தார். "மேடம், எங்களுடையது பசுமைத் துறைமுகம். காற்று சுத்தமென்று வாசலில் போர்டே வைத்திருக்கிறோம்."

"போர்டைக் கட்டிக்கிட்டா வெளியில போக முடியும்?"

"உங்க வருத்தம் புரியுது மேடம். வெள்ளைத் துணியை மட்டும் வீட்டுக்குள்ள காயப்போடுங்களேன்."

"இனிமே எதுக்கு? உங்க வெள்ளைச் சட்டைதான் கறுத்தாச்சே! நாளைக்கு டி.வி. பேட்டிக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போவீங்க?"

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இதையெல்லாம் வீட்டுல சொல்லக் கூடாதா?"

"வீட்டுல சொன்னா எரிஞ்சு விழறீங்க. இந்த நம்பர்லதான் மரியாதையா பேசறீங்க" என்றாள் மனைவி.