தேவைப்படாத குடம்

உலகப் பெட்ரோ வேதிப்பொருள் சந்தையைத் தெருவாரியாகக் கணிக்கும் மேதைகள், கொருக்குப்பேட்டையின் அந்தத் தெருவுக்கு இவ்வாண்டு ஒரு பிளாஸ்டிக் குடமும் தேவைப்படாது என்று முடிவு கட்டியிருந்தனர். கணிப்பை மீறி விற்பது குற்றம்.

அமலோற்பவத்தின் கடைசிக் குடமும் அன்று காலை அடியோடு பிளந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் லாரி தெருமுனையில் நின்றது. வீட்டில் மகள் பிள்ளை பெற்று ஐந்தே நாள் ஆகியிருந்தது.

"இத்தினி குடம் அடுக்கி வச்சிகினு இல்லன்றியே, பாய்!" என்று கடைக்காரர் தஸ்தகீரிடம் சீறினாள்.

"மூணு வருசமா உங்க தெருவுல யாருமே குடம் வாங்கலம்மா. மிசினு பில்லு போட மாட்டேங்குது."

"ஓட்டை வுழுந்தா கம்பி காய்ச்சி ஒட்டிக்கினோம். அது ஒரு தப்பா?"

"அதான் தப்பு. வாங்காதவங்களுக்கு வேணாம்னு எழுதிட்டாங்க."

"எழுதுனவன் வூட்ல பச்ச உடம்புக்காரி இருந்தா தெரியும்!"

சோற்றுப் பானையில் அவள் பிடித்து வந்த தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டியதோடு தீர்ந்தது. மகள் குடிப்பதற்கு அமலோற்பவம் அண்டை வீட்டில் கையேந்தினாள்.

மாலையில் சந்தை அறிக்கை வெளியாயிற்று. அத்தெருவில் ஒரு குடமும் விற்கவில்லையாதலால் கணிப்பு நூற்றுக்கு நூறு மெய்யாயிற்றாம். மேதைகள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கும் அத்தெருவுக்குச் சுழியமே எழுதினர்.