தலைவர் ஊட்டிய லட்டு

"ஒரு நோயாளிகூட மேடைக்கு வர மாட்டாங்கன்னா, நான் யாரைக் கட்டிப்பிடிக்கிறது தாமரை?"

கைப்பேசியில் பரமேஸ்வரன் போட்ட சத்தத்தில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் எச்.ஐ.வி. விழிப்புணர்வு விழாவுக்கு நாற்காலி விரித்துக்கொண்டிருந்த கன்னையா திரும்பிப் பார்த்தான்.

"வர மாட்டாங்க அங்கிள். முகம் வெளியே தெரிஞ்சா வேலை போயிரும், வாடகைக்கு வீடு கிடைக்காது. உதவி செய்யணும்னா எங்க கிளினிக் வேனுக்கு ஒரு டிரைவர் ஏற்பாடு பண்ணுங்க" என்றாள் தாமரை. கிள்ளானில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான ஆதரவு மையத்தை நடத்துகிறவள் அவள்.

"டிரைவரைக் கட்டிப்பிடிச்சா எந்தப் பேப்பர்காரன் போடுவான்?" என்று பரமேஸ்வரன் போனை வைத்தார்.

அவர் கவலை அவருக்கு. சமூக நலச் சங்கத்தில் செயலாளர்கூட டத்தோ பட்டம் வாங்கிவிட்டார். தலைவர் இன்னும் வெறும் பரமேஸ்வரன். வீட்டு வாசல் பெயர்ப்பலகையில் முன்னால் 'டத்தோ' எழுத இடம் விட்டுத்தான் பெயரையே செதுக்கி வைத்திருந்தார். இன்று தலைமை தாங்க வருகிற, அதைவிடப் பெரிய பட்டக்காரரான டான் ஸ்ரீ மனது வைத்தால் அந்த இடம் நிரம்பிவிடும். "நோயாளிகளைத் தொட்டு அரவணைக்கிற தலைவர்தான் நம்ம சமுதாயத்துக்குத் தேவை" என்று டான் ஸ்ரீ வேறு சொல்லித் தொலைத்திருந்தார்.

தொட்டுத்தானே ஆகவேண்டும்? அதற்காகவே பரமேஸ்வரன் ஜிப்பா பையில் ரப்பர் கையுறையும் சானிடைசரும் வைத்திருந்தார். தொடுவதற்குத்தான் ஆள் இல்லை.

கண் கன்னையா மேல் விழுந்தது. சங்கத்து விழாக்களுக்கெல்லாம் லோரியில் நாற்காலி ஏற்றிக்கொண்டு வருகிறவன்.

"கன்னையா, இங்க வா. உனக்கு நடிக்க வருமா?"

"என்னா வேஷம் பாஸ்?"

"எச்.ஐ.வி. நோயாளி. மேடையில கொஞ்ச நேரம் நின்னா போதும்."

கன்னையா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான்.

"பயப்படாதே லா! வேஷம்தானே, நோய் வந்து ஒட்டிக்கவா போவுது?"

"நாளைக்கு ஆளுங்க கேட்டா என்னா சொல்றது பாஸ்?"

"தலைவர் நடிக்கச் சொன்னாரு, நடிச்சேன்னு சொல்லு. உங்க ஆளுங்ககிட்ட நானே சொல்றேன்."

"எல்லாருக்கும் வேஷம்னு சொல்லிருவீங்கன்னா... சரி பாஸ்."

பரமேஸ்வரன் நிம்மதியாகக் கையுறையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஒத்திகை தொடங்கியது.

"கொஞ்சம் கூனி நில்லு. இருமு. இப்படிக் கடோத்கஜன் மாதிரி நின்னா எவன் நம்புவான்?"

"மருந்து ஒழுங்கா சாப்பிட்டா எல்லாரையும் போல இருக்கலாமாம். நாம மாட்டுன பேனர்லயே போட்டிருக்கே பாஸ்."

"பேனர் மாட்டுறதுக்குடா, படிக்கிறதுக்கு இல்ல. இருமு!"

விழா அமர்க்களமாக நடந்தது. பரமேஸ்வரன் கன்னையாவுக்குப் பொன்னாடை போர்த்தி, இறுகக் கட்டியணைத்தார். படமெடுக்கிறவர் தயாராக இல்லை என்று தெரிந்ததும் மறுபடியும் அணைத்தார். "தொட்டால் வராது! ஒரே தட்டில் உண்டால் வராது!" என்று ஒலிவாங்கி அதிர முழங்கினார். ஒரு லட்டை எடுத்துக் கன்னையாவுக்கு ஊட்டி, அவன் கடித்த மீதியில் தானும் ஒரு கடி கடித்துக் காட்டினார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. டான் ஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயர்ப்பலகை நிரம்பியது போலத்தான்.

அப்போதுதான் மண்டப வாசலில் தாமரை நிற்பது தெரிந்தது.

பரமேஸ்வரன் ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். கிள்ளான் வட்டாரத்து நோயாளிகள் அத்தனை பேரையும் முகம் பார்த்துச் சொல்லக்கூடியவள். 'இது போலி' என்று டான் ஸ்ரீயிடம் ஒரு வார்த்தை சொன்னால், டத்தோவாவது கித்தோவாவது!

மீதி லட்டும் கையுமாக மேடையை விட்டு ஓடிவந்து, அவளை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். பொன்னாடையோடு கன்னையாவும் பின்னாலேயே வந்தான்.

தாமரையின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "படிச்சுப் படிச்சு சொன்னேனே அங்கிள்! ஒரு மனுஷனை மேடையில நிக்க வச்சு, பேப்பர்ல வேற போடப்போறீங்களா? நாளைக்கு அவரு தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

பரமேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவளே நம்பிவிட்டாளா? சிரிப்புத் தாங்கவில்லை.

"அலாமாக், நீயுமா ஏமாந்துட்டே? இவன் நம்ம நாற்காலி லோரி கன்னையாம்மா. சும்மா வேஷம் கட்டுனான். டான் ஸ்ரீகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதே."

தாமரை கன்னையாவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் இன்னும் நம்பவில்லை என்று நினைத்துப் பரமேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "நீயே யோசிச்சுப் பாரு. நெசமான நோயாளின்னா நான் கிட்டவே போவேனா? அந்தச் சனியன் புடிச்சவனுங்க எச்சிலை வாயில வைக்க எனக்கு என்ன பைத்தியமா?"

சொல்லிவிட்டு, அவள் நம்புவதற்காக மீதி லட்டை முழுசாக வாய்க்குள் தள்ளினார்.

கன்னையா நிமிர்ந்தான். பொன்னாடையைக் கழற்றி நிதானமாக மடித்துத் தலைவர் தோளில் போட்டான்.

"தாமரையக்கா, வியாழக்கிழமை மருந்து வாங்கப் போற வேன்ல எனக்கு எப்பவும் போல ஒரு இடம் வைங்க" என்றான்.

வாயிலிருந்த லட்டைத் துப்பலாமென்று பரமேஸ்வரன் திரும்பினால், எதிரே படமெடுக்கிறவரோடு சிரித்தபடி டான் ஸ்ரீ வந்துகொண்டிருந்தார்.