மூத்த குமிழின் தாகம்

செவலைப் பசு ஒன்றின் சூலகத்துக்குள், ஆளுக்கொரு முட்டையைச் சுமந்துகொண்டு ஆறு குமிழ்ச் சகோதரிகள் ஒரே நேரத்தில் விழித்தார்கள். ரத்தத்தோடு வரும் வளர்ச்சிச் சாற்றைக் குடித்தால் குமிழ் பெரிதாகும். பெருத்த குமிழ் வெடித்தால் அதன் முட்டைக்கு வெளியே போக வழி கிடைக்கும்.

மூத்தவள் ஒரு மிடறு முந்திக்கொண்டாள். பெரிதாகப் பெரிதாக அவளிடமிருந்து ஏதோ கசிந்தது. அது கசியக் கசிய மற்றவர்களுக்குச் சாறு வருவது குறைந்தது. அவளுக்கும் அது தெரியும்.

"அக்கா, தொண்டை வறளுது," என்றாள் பக்கத்திலிருந்த தங்கை.

"பயப்படாதே கண்ணு, அக்கா இருக்கேன்ல," என்றாள் மூத்தவள், குடித்துக்கொண்டே.

ஐந்து குரல்களும் ஒவ்வொன்றாக அடங்கின. சுருங்கிய தோல்கள் மட்டும் அவள்மேல் உரசிக்கொண்டிருந்தன. "பாவம், தெம்பில்லாததுங்க," என்று உச்சுக் கொட்டினாள்.

வெடிக்கிற நாள் வந்தது, அவள் வெடிக்கவில்லை. மூலையில் மஞ்சளாக ஒரு திரட்சி குந்தியிருந்தது. முன்பு வெடித்துப்போன ஒரு குமிழின் மிச்சம் அது.

"எனக்கு ஏன் வழி திறக்கலை?" என்று அதைக் கேட்டாள்.

"பசு சினையா இருக்கு. அந்தச் சினைக்கு நான் காவல் இருக்கிறவரை யாருக்கும் வழி இல்லை. உனக்கு முன்னால வந்த நாலு மூத்தவளுங்க கிட்டயும் இதையேதான் சொன்னேன்."

மூத்தவளுக்குத் தொண்டை வறண்டது. "யாராவது... ஒரு மிடறு..." என்றாள்.

இருட்டின் ஆழத்தில் புதிதாகச் சில குமிழ்கள் விழித்திருந்தன. அவற்றில் ஒருத்தி, குடித்துக்கொண்டே, அன்பாகச் சொன்னாள்:

"பயப்படாதீங்க அக்கா, நான் இருக்கேன்ல."